லோனை அடைக்க கிரெடிட் கார்டுல பணம் எடுக்கலாமா? பெரம்பலூர் தம்பிக்கு ஒரு பதில், அரியலூர் அக்காவுக்கு ஒரு பதில்



போன மாசம் ஒரே வாரத்துல ரெண்டு பேர் என்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டாங்க. ஒருத்தர் பெரம்பலூர், இன்னொருத்தர் அரியலூர். ரெண்டு ஊருக்கும் நடுவுல முப்பது கிலோமீட்டர்தான். கேள்வி இதுதான்: "கிரெடிட் கார்டுல இருந்து பணத்தை எடுத்து, இருக்கற கடனை ஒரேயடியா அடைச்சிடலாமா?"

பெரம்பலூர் தம்பிக்கு வேண்டவே வேண்டாம்னு சொன்னேன். அரியலூர் அக்காவுக்குச் சரி, எடுங்கன்னு சொன்னேன். "என்ன அண்ணா, ஆளுக்கு ஒரு நியாயமா?" அப்படின்னு தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம். அதனாலதான் இந்தக் கட்டுரை. ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதறேன், பேரையும் வேலை பார்க்கற இடத்தையும் போடல.

முதல்ல தம்பியோட கதை. பெரம்பலூர் பக்கம் ஒரு தனியார் கம்பெனியில கான்ட்ராக்ட்ல வேலை. கைக்கு வர்ற சம்பளம் 24,000 ரூபாய். அக்கா கல்யாணத்துக்காக 2 லட்சம் பர்சனல் லோன் வாங்கியிருக்கார். 15% வட்டி, 36 மாசம், இஎம்ஐ 6,933 ரூபாய். ஒரு வருஷம் கட்டியாச்சு, இன்னும் 1,43,000 ரூபாய் அசல் பாக்கி. சம்பளக் கணக்கு இருக்கற வங்கியே கூப்பிட்டு ஒரு கிரெடிட் கார்டு கொடுத்திருக்கு, லிமிட் ஒன்றரை லட்சம்.

இந்த நேரத்துல லண்டன்ல இருந்து ஒருத்தர் போட்ட வீடியோவைப் பார்த்திருக்கார். கார்டுல இருந்து பணத்தை நேரா பேங்க் அக்கவுன்ட்டுக்கு மாத்தி, அதை வச்சுப் பழைய லோனை அடைச்சு, வட்டியே இல்லாம வெளியே வர்றது எப்படின்னு அந்த வீடியோ. பார்த்த உடனே தம்பிக்கு ஆசை வந்துடுச்சு. "என் கார்டுலயும் 45 நாள் வட்டி கிடையாதுல்ல அண்ணா?"

அந்த வீடியோவுல சொன்னது பொய் இல்ல. பிரிட்டன்ல மணி டிரான்ஸ்ஃபர் கார்டுன்னே ஒரு வகை இருக்கு. கார்டு கம்பெனி உங்க வங்கிக் கணக்குல பணத்தைப் போடும். ஆரம்பத்துல நூத்துக்கு மூணு, நாலுன்னு ஒரு தடவை கட்டணம் வாங்கிக்கும், அப்புறம் ஒரு வருஷம் மாதிரி வட்டி பூஜ்யம். அந்தக் கார்டு கையில இருந்தா அங்க இருக்கறவங்க கணக்கு சரியாத்தான் வரும். நம்ம ஊர்ல அப்படி ஒரு கார்டு யாரும் தர்றதில்ல. நம்ம கார்டுல இருக்கற அந்த 45 நாள், பொருள் வாங்கினா மட்டும்தான். பணமா எடுத்தா எடுத்த நிமிஷத்துல இருந்து மீட்டர் ஓடும்.

சரி, இங்க என்னென்ன வழி இருக்குன்னு தம்பியோட உட்கார்ந்து ஒவ்வொண்ணா பார்த்தோம்.

லோன் இஎம்ஐயை நேரடியா கிரெடிட் கார்டு போட்டுக் கட்ட வங்கிகள் விடறதில்ல. யுபிஐயில ரூபே கிரெடிட் கார்டு 2022 செப்டம்பர்ல வந்துச்சு, ஆனா அதுல கடைக்குத்தான் பணம் கட்டலாம், நண்பருக்கு அனுப்பித் திருப்பி வாங்க முடியாது. அப்புறம் ஆப்ல "வாடகை கட்டறேன்"னு சொல்லி அப்பா அக்கவுன்ட்டுக்கோ, ரூம்மேட் அக்கவுன்ட்டுக்கோ பணம் அனுப்பறது. சென்னையில ஐடியில இருக்கற பாதிப் பேர் இதைச் செஞ்சிருப்பாங்க, நீங்களும் செஞ்சிருக்கலாம். 2022 கடைசியில இருந்தே வங்கிகள் இதுக்கு 1% மாதிரி கட்டணம் போட ஆரம்பிச்சுது. 2025 செப்டம்பர் 15-ம் தேதி ஆர்பிஐ பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கான விதிமுறையை வெளியிட்டுச்சு. ஒப்பந்தம் போட்டு, முழு கேஒய்சி முடிச்ச வியாபாரிக்குத்தான் பணத்தை அனுப்பலாம். உங்க வீட்டு ஓனர் அப்படிப் பதிவு பண்ணின வியாபாரி இல்லையே? போன்பே, பேடிஎம், க்ரெட் எல்லாம் வாடகைச் சேவையை நிறுத்தினது இதனாலதான். வாடகையே இல்லாத இடத்துல வாடகைன்னு போட்டவங்களாலதான் உண்மையா வாடகை கட்டினவங்களுக்கும் அந்த வசதி போச்சுன்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

ஏடிஎம்ல எடுக்கறது இன்னொரு வழி. முழு லிமிட்டையும் எடுக்க விடமாட்டாங்க, அதுல ஒரு பங்குதான் ரொக்கத்துக்கு. பல வங்கிகள்ல கட்டணம் 2.5%, குறைஞ்சது 500 ரூபாய். வட்டி மாசம் மூணரை சதவீதம், சில கார்டுல 3.75. அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. மூணரைக்கு ஜிஎஸ்டி சேர்த்தா மாசத்துக்கு 4.13 சதவீதம். ஒரு லட்சத்துக்கு மாசம் 4,130 ரூபாய். தம்பியோட லோன்ல ஒரு லட்சத்துக்கு மாச வட்டி 1,250 ரூபாய்தான். இதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல, அடுத்ததுக்குப் போயிட்டோம்.

அடுத்தது என்னன்னு தம்பியே ஆரம்பிச்சார். "அண்ணா, தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு. கார்டைத் தேய்ச்சா ரெண்டு பர்சன்ட் எடுத்துக்கிட்டு கேஷா கொடுத்துடுவாங்க. பில் தேதி வந்தா அவங்களே பில்லையும் கட்டிட்டு, மறுபடி தேய்ச்சு எடுத்துக்குவாங்க. நமக்கு ரெண்டு பர்சன்ட்தான் செலவு."

இது பெரம்பலூர்ல மட்டும் நடக்கறது இல்ல. எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாலும் மொபைல் கடை, நகைக்கடைன்னு யாராவது ஒருத்தர் இதைச் செய்வார். "ரெண்டு பர்சன்ட்தான்"ங்கற வார்த்தையிலதான் எல்லாரும் மாட்டறாங்க. அதனால இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

தம்பியோட கார்டுல ஸ்டேட்மென்ட் தேதி 5, பணம் கட்டக் கடைசி நாள் 25. 6-ம் தேதி தேய்க்கறார்னு வைங்க. அது அடுத்த மாசம் 5-ம் தேதி ஸ்டேட்மென்ட்ல வரும், அந்த மாசம் 25-ம் தேதி கட்டணும். கிட்டத்தட்ட 50 நாள். நல்லா இருக்குல்ல? இப்ப அந்த 25-ம் தேதி கடைக்காரர் பில்லைக் கட்டிட்டு, அன்னிக்கே மறுபடி தேய்க்கறார். இந்தத் தடவை ஸ்டேட்மென்ட் இன்னும் பத்து நாள்ல வந்துடும். அதைக் கட்ட வேண்டிய நாள் அடுத்த 25. அதாவது முப்பதே நாள். முதல் சுத்துல மட்டும்தான் ஐம்பது நாள். ரெண்டாவது சுத்துல இருந்து எப்பவும் ஒரு மாசம்தான்.

அப்போ ரெண்டு பர்சன்ட்ங்கறது மாசத்துக்கு ரெண்டு பர்சன்ட். வருஷத்துக்கு 24. பதினஞ்சு பர்சன்ட் லோனை அடைக்க இருபத்திநாலு பர்சன்ட்ல பணம் வாங்கறோம். ரூபாயில சொன்னா 1,43,000-க்கு ஒவ்வொரு மாசமும் 2,860 ரூபாய் கமிஷன். லோன்ல இந்த மாசம் போற வட்டி 1,787 ரூபாய். அதுவும் லோன்ல மாசா மாசம் அசல் குறையறதால வட்டியும் குறைஞ்சுக்கிட்டே வரும். கடையில கொடுக்கற கமிஷன் குறையாது, ஏன்னா நீங்க அசலைத் தொடவே இல்லையே.

இன்னொரு விஷயத்தைக் கேட்டதும்தான் தம்பி போன்ல அமைதியானார். மாசம் 1,43,000-னு வருஷம் முழுக்கச் சுத்தினா கார்டு பில்லுக்குக் கட்டின தொகை 17 லட்சத்தைத் தாண்டும். ஒரு நிதியாண்டுல கிரெடிட் கார்டு பில்லுக்கு 10 லட்சம் ரூபாயோ அதுக்கு மேலயோ கட்டினா, கார்டு கொடுத்த வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கணும். ரொக்கமா கட்டினா ஒரு லட்சத்துலயே தெரிவிக்கணும். தம்பியோட வருஷச் சம்பளம் 2,88,000. மூணு லட்சம் கூடச் சம்பாதிக்காத ஆள் எப்படி 17 லட்சத்துக்குப் பில் கட்டினார்னு கேட்டா, கடைக்காரரைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்ல முடியாது.

இதெல்லாம் கூட இருக்கட்டும். நான் பயப்படற இடம் வேற. லோன்ல அவருக்கு இன்னும் 24 மாசம் இருக்கு. அந்த 24 மாசமும் பத்திரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டது. தவணையை ஒழுங்கா கட்டற வரைக்கும் "நாளைக்கே மொத்தமும் வேணும்"னு வங்கி கேட்காது. கார்டுக்கு மாத்தினா அந்த 24 மாசத்தைத் தூக்கிப் போட்டுட்டு, முப்பது முப்பது நாளா வாடகைக்கு எடுக்கற மாதிரி. ஒரே கடையில, ஒரே தொகை, மாசா மாசம் தேய்க்கறதைப் பார்த்துட்டு வங்கி ஒரு நாள் கார்டை பிளாக் பண்ணலாம், லிமிட்டைக் குறைக்கலாம். அதுக்கான உரிமை கார்டு வாங்கும்போதே நீங்க படிக்காம "ஓகே" போட்ட விதிமுறையில இருக்கு. இல்லைன்னா அந்தக் கடைக்காரர் கடையைச் சாத்திட்டு ஊரை விட்டுப் போயிடலாம். அந்த மாசம் 25-ம் தேதி 1,43,000 ரூபாயும் மொத்தமா உங்க தலையில நிக்கும். கட்ட முடியாம மினிமம் டியூ மட்டும் கட்டினா மாசம் 4.13%, அதாவது கிட்டத்தட்ட 5,900 ரூபாய் வட்டிக்கே போகும். இப்ப அவர் கட்டற இஎம்ஐ 6,933. அதுல ரெண்டு வருஷத்துல கடன் தீர்ந்துடும். அங்க அதே அளவு பணத்தைக் கட்டிக் கடன் அப்படியே இருக்கும்.

இவ்வளவு வட்டி வாங்க யாரு அனுமதிச்சான்னு கேட்பீங்க. 2008-ல தேசிய நுகர்வோர் ஆணையம், கிரெடிட் கார்டுக்கு வருஷம் 30 சதவீதத்துக்கு மேல வட்டி வாங்கறது நியாயமற்ற வணிக முறைன்னு தீர்ப்பு சொல்லுச்சு. வங்கிகள் மேல்முறையீட்டுக்குப் போச்சு. 2024 டிசம்பர் 20-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணிடுச்சு. 30 பர்சன்ட்ங்கற அந்தக் கூரை இப்ப இல்ல.

கடைசியா ஒரு வழி இருக்கு, இது நேர்மையான வழி. வங்கியே கார்டு மேல தர்ற லோன். ஆப்பைத் திறந்தாலே "உங்களுக்கு இத்தனை ரூபாய் தயார்"னு கண்ணடிக்கும், எஸ்பிஐ கார்டுல என்கேஷ்னு பேரு, ஒவ்வொரு வங்கியும் ஒரு பேர் வச்சிருக்கும். பணம் நேரா அக்கவுன்ட்டுக்கு வரும், வட்டி ஒரே அளவு, மாசத் தவணையும் எழுதிக் கொடுத்துடுவாங்க. தம்பிக்கு வந்த ஆஃபர் 16%, ஒன்றரை சதவீதம் ப்ராசஸிங் ஃபீ.

"பதினஞ்சுக்கும் பதினாறுக்கும் ஒண்ணுதானே வித்தியாசம்? பழைய லோன் க்ளோஸ் ஆனா நிம்மதியா இருக்கும்ல அண்ணா" அப்படின்னார். பேப்பரை எடுத்து எழுதச் சொன்னேன். நீங்களும் எழுதுங்க.

பழைய லோனை அப்படியே விட்டா, பாக்கி 24 மாசத்துல அவர் கட்டப் போற வட்டி மொத்தம் 23,400 ரூபாய். அவ்வளவுதான். புது வழியில போனா, 16 சதவீதத்துக்கு 24 மாச வட்டி 25,040. பர்சனல் லோன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனா கார்டு மேல வாங்கற லோன்ல வட்டிக்கும் 18% ஜிஎஸ்டி போட்டு வசூலிக்கறது வழக்கம். அவர் ஆஃபர்லயும் சின்ன எழுத்துல இருந்துச்சு. அது 4,500. ப்ராசஸிங் ஃபீ ஜிஎஸ்டியோட 2,530. பழைய லோனை முன்கூட்டி அடைக்க 3% ஃபோர்குளோஷர் கட்டணம், ஜிஎஸ்டி சேர்த்து 5,060. எல்லாம் கூட்டினா 37,000-க்கு மேல. நிம்மதிக்கு விலை 13,700 ரூபாய், கிட்டத்தட்ட ரெண்டு இஎம்ஐ.

ஃபோர்குளோஷர் கட்டணத்தைப் பத்தி ஒரு வார்த்தை. 2026 ஜனவரி 1-க்கு அப்புறம் வாங்கற, அல்லது புதுப்பிக்கற கடன்கள்ல, தனிநபருக்குத் தொழில் அல்லாத தேவைக்குக் கொடுத்த ஃப்ளோட்டிங் வட்டிக் கடனா இருந்தா முன்கூட்டி அடைக்கக் கட்டணம் வாங்கக் கூடாதுன்னு ஆர்பிஐ சொல்லியிருக்கு. ஆனா நம்ம ஆளுங்க வாங்கற பர்சனல் லோன் பெரும்பாலும் ஃபிக்ஸட் வட்டி. "இனிமே எந்த லோனுக்கும் கட்டணம் இல்லையாம்"னு வாட்ஸ்அப்ல வந்ததை நம்பி க்ளோஸ் பண்ணப் போகாதீங்க, சாங்ஷன் லெட்டரை எடுத்துப் பாருங்க.

உண்மையான பிரச்சினை அப்புறம்தான் வெளியே வந்துச்சு

கணக்கெல்லாம் போட்டு முடிச்சதும் கேட்டேன்: "தம்பி, 15% லோன் அவ்வளவு மோசம் இல்லையே. ஏன் இதை அடைக்க இவ்வளவு அவசரம்?"

கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சொன்னார். கான்ட்ராக்டர் சம்பளம் போடறது 7-ம் தேதி, சில மாசம் 8, 9. இஎம்ஐ ஆட்டோ டெபிட் 5-ம் தேதி. ஒரு வருஷத்துல நாலு தடவை பவுன்ஸ். ஒவ்வொரு தடவையும் லோன் கொடுத்த இடத்துல ஒரு கட்டணம், சம்பளக் கணக்கு இருக்கற வங்கியில ஒரு கட்டணம், ரெண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். அதுக்கு மேல 6-ம் தேதி காலையிலயே ரெக்கவரி ஆள் போன். லைன்ல நிக்கும்போது போன் எடுக்க முடியாது, எடுக்கலைன்னா வீட்டு நம்பருக்கு அடிப்பாங்க. அம்மா பயந்துட்டாங்க. லோன் மேல வெறுப்பு வந்ததுக்குக் காரணம் வட்டி இல்ல, தேதி.

தேதிப் பிரச்சினைக்கு மருந்து தேதியை மாத்தறதுதான். லோன் கொடுத்த இடத்துல இஎம்ஐ தேதியை 10-ம் தேதிக்கு மாத்திக் கேட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னேன். சில இடத்துல ஒத்துக்குவாங்க, சின்னக் கட்டணம் இருக்கும். ஒத்துக்கலைன்னா ஒரு இஎம்ஐ தொகை, 7,000 ரூபாய், அந்தக் கணக்குல எப்பவும் படுத்துக் கிடக்கணும். நாலு பவுன்ஸுக்குக் கொடுத்த காசுல பாதிக்கு மேல இதுவே சேர்ந்திருக்கும்.

இங்க ஒண்ணு நேர்மையா சொல்லணும். எல்லாத்துக்கும் வேண்டாம்னு சொல்லிட்டு இதை மறைச்சா தப்பு. கையில சுத்தமா காசு இல்ல, 5-ம் தேதி இஎம்ஐ, 8-ம் தேதி சம்பளம் கண்டிப்பா வரும், கார்டுல வேற பாக்கியே இல்ல. இந்த ஒரு நிலைமையில ஏடிஎம்ல கார்டு போட்டு 7,000 எடுத்துக் கணக்குல போடறது, பவுன்ஸ் ஆகறதை விட மலிவு. கட்டணம் ஜிஎஸ்டியோட 590, மூணு நாள் வட்டி முப்பது ரூபாய் பக்கம். பவுன்ஸ் ஆனா ஆயிரம், அதோட சிபில் ரிப்போர்ட்லயும் தழும்பு. ஆனா 8-ம் தேதி சம்பளம் வந்த அன்னிக்கே பணத்தைக் கார்டுல திருப்பிக் கட்டணும். பில் வரட்டும்னு காத்திருந்தா வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி ஆனா சரி. ரெண்டாவது மாசமும் அதே ஏடிஎம் வாசல்ல நின்னீங்கன்னா பட்ஜெட்ல வேற எங்கயோ ஓட்டை இருக்கு.

இப்ப அரியலூர் அக்கா

அக்கா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில லேப் டெக்னீசியன். சம்பளம் 19,000. அப்பாவோட ஆபரேஷனுக்கு அவசரமா 50,000 தேவைப்பட்டு, தெரிஞ்சவர் மூலமா அஞ்சு வட்டிக்கு வாங்கியிருக்காங்க. அஞ்சு வட்டின்னா நகரத்துல வளர்ந்த சிலருக்கு வருஷம் 5 பர்சன்ட்னு தோணும். இல்ல. நூறு ரூபாய்க்கு மாசம் அஞ்சு ரூபாய். வருஷத்துக்கு 60%. மாசம் 2,500 வட்டி, பதினாலு மாசமா கட்டறாங்க. 35,000 போயாச்சு. அசல் 50,000 அப்படியே இருக்கு.

அவங்ககிட்ட நான் முதல்ல கேட்டது நகை இருக்கான்னு. நகைக் கடன்தான் சம்பளக்காரங்களுக்குக் கிடைக்கறதுல மலிவான கடன், கார்டு பக்கம் போகறதுக்கு முன்னாடி அதைத்தான் பார்க்கணும். இருந்த மூணு பவுனும் ஏற்கனவே பேங்க்ல இருக்குன்னாங்க. பர்சனல் லோன் கேட்டதுக்குச் சம்பளம் பத்தாதுன்னு சொல்லிட்டாங்க. ஆனா கார்டு இருக்கு, அந்தக் கார்டு மேல லோன் ஆஃபரும் இருக்கு. அதே 16%, 24 மாசம், 2% ப்ராசஸிங் ஃபீ.

50,000-க்கு இஎம்ஐ 2,448 ரூபாய். முதல் மாசம் வட்டிக்கான ஜிஎஸ்டி சேர்த்து 2,570 வரும், போகப் போகக் குறையும். அதாவது இப்ப வட்டிக்கு மட்டும் கொடுத்துக்கிட்டிருக்கற அதே பணத்தைக் கொடுத்தா, ரெண்டு வருஷத்துல அசலும் சேர்ந்து தீர்ந்துடும். வட்டி, ஜிஎஸ்டி, ஃபீ எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 11,500 ரூபாய். அதே 24 மாசம் அஞ்சு வட்டி கட்டியிருந்தா 60,000 போயிருக்கும், 50,000 பாக்கி அப்படியே நின்னிருக்கும்.

அதனாலதான் அக்காவுக்குச் சரின்னேன். ரெண்டு பேரோட கார்டும் ஒண்ணுதான், ஆஃபரும் ஒண்ணுதான். அடைக்கப் போற கடன்தான் வேற. தம்பி அடைக்க நினைச்சது 15% கடன், அக்கா அடைச்சது 60% கடன். அதோட ஜிஎஸ்டி சேர்த்து 16% உண்மையில 18.88% ஆகுது. உங்க கடனோட வட்டி இந்த எண்ணுக்குக் கீழ இருந்தா ஆப்பை மூடிடுங்க. கொஞ்சம் மேல இருந்தா ஃபீயையும் ஃபோர்குளோஷரையும் சேர்த்து ரூபாய்ல எழுதிப் பாருங்க. ஆஃபர்ல "ஃப்ளாட் 9%"னு போட்டிருந்தா ஏமாறாதீங்க, ரெண்டு வருஷக் கடனுக்கு அது 16 சதவீதத்துக்கு மேல.

எடுக்கறதுக்கு முன்னாடி அக்காகிட்ட ஒரு கண்டிஷன் போட்டேன். பணம் அக்கவுன்ட்டுக்கு வந்தா அன்னிக்கே போய் அடைக்கணும், ஒரு வாரம் கூட வச்சிருக்கக் கூடாது. "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் தம்பி"ன்னாங்க. ஆனா கையில 50,000 இருக்கும்போது வீட்டுல என்னென்ன தேவை முளைக்கும்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அப்படி ஆனா அஞ்சு வட்டியும் இருக்கும், கார்டு இஎம்ஐயும் இருக்கும்.

இன்னொண்ணு, இதை நிறைய பேர் விட்டுடறாங்க. கடன் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட புரோநோட், தேதி போடாத செக், ஆதார் நகல், இதெல்லாம் அவர்கிட்டதான் இருக்கும். பணத்தை ரொக்கமா கொடுக்காம அக்கவுன்ட்ல இருந்து அனுப்புங்க, அசல் முழுசும் தீர்ந்துச்சுன்னு எழுதி வாங்குங்க, புரோநோட்டையும் செக்கையும் அதே இடத்துல கையில வாங்குங்க. தர மறுத்தாலோ, மிரட்டினாலோ அதுக்குச் சட்டம் இருக்கு. கந்து வட்டி, மீட்டர் வட்டியைத் தடை பண்ணித் தமிழ்நாட்டுல 2003-லயே சட்டம் வந்தாச்சு. கடனை வசூலிக்க மிரட்டறதுக்கு எதிரா 2025-ல இன்னொரு சட்டமும் வந்திருக்கு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்புக் கூட்டத்துல மனு கொடுக்கலாம். ஊர்ல முகத்துக்கு நேரா பார்க்கற ஆள் மேல மனு கொடுக்கறது சுலபமில்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா அப்படி ஒரு கதவு இருக்குன்னு தெரிஞ்சு பேசறவங்க குரல்ல ஒரு தெம்பு இருக்கும்.

இந்த ரெண்டு மாவட்டத்தைப் பத்தி நான் தனியா எழுத ஒரு காரணம் இருக்கு. மாசச் சம்பளம்னா இங்க முன்னாடி கவர்ன்மென்ட் வேலை, அரியலூர் சிமென்ட் ஆலை, எறையூர் சர்க்கரை ஆலைன்னு எண்ணிடலாம். மத்த வீட்டுல எல்லாம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அறுவடைக்குத் தகுந்தபடி வரவு. 2023 நவம்பர்ல எறையூர்ல காலணி ஆலை திறந்தாங்க, 2024 நவம்பர்ல ஜெயங்கொண்டத்துல இன்னொரு காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டினாங்க. வீட்டுல முதல் தடவையா பே ஸ்லிப் வாங்கற பசங்களும் பொண்ணுங்களும் இங்க ஆயிரக்கணக்குல வரப் போறாங்க. பே ஸ்லிப் வந்தா அது பின்னாடியே கார்டு ஏஜென்ட் வருவார். கடன் அட்டையை எப்படிப் பார்க்கணும்னு சொல்லித் தர அந்த வீட்டுல அனுபவம் உள்ள ஆள் இருக்க மாட்டாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சது நகை அடகும் கூட்டுறவு சொசைட்டியும்தான். சொல்லப் போனா அப்பாவுக்குத் தெரிஞ்சதுதான் மலிவும் கூட.

தம்பியோட நிலவரம்: தேதியை மாத்தச் சொல்லி மெயில் போட்டிருக்கார், பதில் வரல. நான் ரெண்டாவது மெயில் போடச் சொல்லியிருக்கேன், அப்பவும் பதில் இல்லைன்னா அந்த நிறுவனத்தோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு. இந்தத் தீபாவளி போனஸை ஷோரூம் பக்கம் கொண்டு போகாம ஒரு இஎம்ஐ தொகையைக் கணக்குல தூங்க வச்சுட்டு, மீதி இருந்தா பகுதி அசலா கட்டறேன்னு சொல்லியிருக்கார். பகுதியா கட்ட அவர் லோன்ல கட்டணம் உண்டான்னு சாங்ஷன் லெட்டரைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கேன், இன்னும் லெட்டரைத் தேடிக்கிட்டிருக்கார்.

அக்கா போன செவ்வாய்க்கிழமை போய் அடைச்சுட்டு வந்தாங்க. புரோநோட் கைக்கு வந்துடுச்சு. செக் "வீட்டுல எங்கயோ இருக்கு, அப்புறம் தர்றேன்"னு சொல்லியிருக்கார். அந்த செக் நம்பரைச் சொல்லி வங்கியில ஸ்டாப் பேமென்ட் போடச் சொன்னேன், போட்டுட்டாங்க.